வைத்தியர் பதில்கள்: சிறுநீரகக் கல்லுக்கு எந்தச் சிகிச்சை, என்ன செலவு?

சிறுநீரகக் கல்லைப் பற்றி வந்திருந்த கடிதங்களை இவ்விதழில் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான கடிதங்களில் நோயைவிடப் பணத்தைப் பற்றிய கவலையே முன்னால் நிற்கிறது. அது நியாயமான கவலை என்பதால் பதில்களிலும் அதற்கு உரிய இடம் கொடுத்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி (பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகி): மதிப்புக்குரிய வைத்தியர் ஐயா, என் அப்பாவுக்கு 54 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 16 மில்லிமீற்றர் கல் இருப்பதாக சி.டி. ஸ்கேனில் தெரிந்தது. அரசாங்க வைத்தியசாலையில், முதுகுப் பக்கமாகத் துளையிட்டுக் கல்லை எடுக்க வேண்டும் என்று சொல்லி, பெயரைப் பதிந்து காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். தனியார் வைத்தியசாலை ஒன்றில் விசாரித்தபோது, வெட்டாமல் அதிர்வலையால் உடைக்கலாம், அன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நகையை அடகு வைத்தாவது தனியாரில் செய்துவிடலாம் என்கிறார் அண்ணன். எது நல்லது?

பதில்: மகளே, நகை அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னர் இந்தப் பதிலை நீங்களும் அண்ணனும் சேர்ந்து படியுங்கள்.

எந்தச் சிகிச்சை என்பதை முதலில் தீர்மானிப்பவை கல்லின் பருமன், அது இருக்கும் இடம், அதன் கடினத் தன்மை ஆகிய மூன்றும்தான். விலை அதற்குப் பிறகே வர வேண்டும். சிறுநீரகத்தின் மேற்பகுதியிலோ நடுப்பகுதியிலோ 10 மில்லிமீற்றருக்கு உட்பட்ட கல் இருந்திருந்தால், அதிர்வலைச் சிகிச்சையை நானே முதலில் சொல்லியிருப்பேன். 1980இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்ட அந்தச் சிகிச்சை, கத்தி படாமல் கல்லை நொறுக்குகிறது என்பது உண்மை. ஆனால் நொறுக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது; துண்டுகள் சிறுநீரோடு தாமாக வெளியேற வேண்டும். கீழ்ப்பகுதியில் கிடக்கும் துண்டுகள் மேல்நோக்கி ஏறினால்தான் சிறுநீர்க்கானுக்குள், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்க்குள், நுழைய முடியும். ஆகவே பல துண்டுகள் அங்கேயே தங்கி, நாளடைவில் மீண்டும் வளர்கின்றன.

கீழ்ப்பகுதிக் கற்களுக்கு இந்த அதிர்வலையையும், முதுகுப் பக்கமாகத் துளையிட்டு எடுக்கும் துளைவழிச் சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. மூன்று மாதங்களின் பின் பார்த்தபோது, துளைவழிச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 95 பேருக்குக் கல் முழுதாக நீங்கியிருந்தது. அதிர்வலை பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு மட்டுமே நீங்கியிருந்தது. கல் 10 மில்லிமீற்றரைத் தாண்டியவர்களுக்கு அதிர்வலையின் பலன் இன்னும் குறைவாகவே இருந்தது. உங்கள் அப்பாவின் கல் அந்த வகையைச் சேர்ந்தது.

துளைவழிச் சிகிச்சையின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பொதுவாக முழு மயக்க மருந்து தேவை. விலாப்பக்கத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் துளையிட்டு, கருவியைச் சிறுநீரகத்துக்குள் செலுத்திக் கல்லை உடைத்து எடுப்பார்கள். பல நாடுகளில் 5,800க்கு மேற்பட்ட நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்து 2011இல் வெளியான கணக்கின்படி, நூற்றுக்கு ஆறு பேர் வரையில் இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. கல் முழுதாக நீங்கியவர்கள் நூற்றுக்கு 76 பேர். மிகப் பெரிய, கிளை விட்ட கற்களும் அந்தக் கணக்கில் அடங்கும் என்பதால் இந்த எண் முன்னைய ஆய்வைவிடக் குறைவாக இருக்கிறது. அப்பாவைப் போன்ற ஒருவருக்கு உண்மை நிலை இவ்விரண்டு எண்களுக்கும் இடையில் எங்கோ இருக்கும்.

இனிப் பணத்துக்கு வருவோம். அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. தனியாரில் ஓர் அதிர்வலை அமர்வுக்குச் சொல்லப்படும் தொகை, அங்கேயே துளைவழிச் சிகிச்சைக்குச் சொல்லப்படும் தொகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ரூபாய்க் கணக்கை இங்கே அச்சிடாததற்குக் காரணம் உண்டு: ஸ்டென்ட் (சிறுநீர் வடிவதற்காக உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்), லேசர் இழை, கல்லைப் பிடிக்கும் கம்பிக்கூடை எல்லாமே இறக்குமதிப் பொருட்கள், டொலரின் விலையோடு அவற்றின் விலையும் மாறுகிறது. விசாரிக்கும்போது நீங்கள் கேட்க வேண்டியது, அந்தத் தொகை ஓர் அமர்வுக்கா, கல் நீங்கும் வரைக்குமா என்பதே. இரண்டாவது, மூன்றாவது அமர்வுக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா? ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால் அதற்கும், பின்னர் அதை அகற்றுவதற்கும் எவ்வளவு? வைத்தியரின் கட்டணம், மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், வாட்டுக் கட்டணம், சிகிச்சைக்குப் பிந்திய ஸ்கேன் ஆகியவை உள்ளடங்குமா? இவற்றுக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தரத் தயங்கும் இடத்தில் முற்பணம் கட்ட வேண்டாம்.

வேலை நாட்களின் இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த, தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளமான 1350 ரூபாயை வைத்துப் பார்ப்போம். இன்று அப்பாவின் கைக்கு வரும் தொகை அதைவிடக் கூடுதலாயின் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். துளைவழிச் சிகிச்சைக்குப் பின் பாரம் தூக்காமல் மூன்று வாரம் ஓய்வு என்றால் 18 வேலை நாட்கள், அதாவது 24,300 ரூபாய். அதிர்வலைக்கு மூன்று முறை போய், ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வேலை தவறினால் 8,100 ரூபாய். இந்தக் கணக்கு அதிர்வலைக்கே சாதகமாகத் தெரியும். ஆனால் கல் அப்படியே நின்றுவிட்டால், மூன்று அமர்வுகளின் கட்டணமும் அந்த 8,100 ரூபாயும் போன பிறகு, அதே 18 நாட்களையும் இழந்து அதே துளைவழிச் சிகிச்சைக்குத்தான் அப்பா வர வேண்டியிருக்கும். அப்போது நகையும் அடகில் இருக்கும்.

சிறுநீர்வழியாக வளையும் குழாய்க் கருவியைச் சிறுநீரகம் வரை செலுத்தி லேசரால் கல்லைத் தூளாக்கும் முறையும் உண்டு. 16 மில்லிமீற்றர் கல்லுக்கு அது நல்ல தெரிவுதான். இரத்தப்போக்கு குறைவு, ஓய்வு நாட்களும் குறைவு. எனினும் அந்தக் கருவி எளிதில் பழுதடைவது, சில இடங்களில் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தி வீசப்படுவது என்பதால் தனியாரில் செலவு மிகுதி. சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரிடும். அரசாங்கக் கிளினிக்கில் அந்த வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். தனியாரில் சனலிங் செய்து பார்க்கும் நிபுணர் பல வேளைகளில் பகலில் அரசாங்க வைத்தியசாலையில் கடமையாற்றுபவரே என்பதால், கைத்திறன் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்.

ஆகவே என் கருத்து, அரசாங்கப் பட்டியலில் காத்திருப்பதே நல்லது என்பதாகும். கல் சிறுநீரின் வழியை அடைக்காமல், கிருமித் தொற்று இல்லாமல், சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் கிரியற்றினின் அளவு இரத்தப் பரிசோதனையில் சரியாக இருக்கும்வரை, சில மாதங்கள் காத்திருப்பதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. இடையில் ஒரு ஸ்கேன் செய்து, சிறுநீரகம் வீங்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீர் இறங்காமை, நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதியைப் பார்க்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த வேளையில் கல்லை எடுக்க மாட்டார்கள். ஸ்டென்ட் வைத்தோ முதுகுவழியாகக் குழாய் வைத்தோ சிறுநீரை வடியவிட்டு, கிருமி அடங்கிய பிறகே கல்லுக்கு வருவார்கள். தோட்டத்து வாகனத்துக்காக விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 அம்பியூலன்ஸ் சேவையைக் கூப்பிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வி (பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியர்): சிறுநீர்க்கானின் கீழ்ப்பகுதியில் 5 மில்லிமீற்றர் கல் என்று ஸ்கேன் சொல்கிறது. முதல் இரண்டு நாள் தாங்க முடியாத வலி. இப்போது வலியே இல்லை. இந்த வாரமே லேசர் செய்துவிடலாம் என்று தனியாரில் கூறுகிறார்கள். செய்வதா, விடுவதா?

பதில்: ஐயா, உங்கள் கல்லுக்குக் காத்திருக்கும் உரிமை உண்டு. சிறுநீர்க்கானில் 5 மில்லிமீற்றருக்கு உட்பட்ட கற்களில் மூன்றில் இரண்டு பங்கு தாமாகவே வெளியேறுகின்றன. 5க்கும் 10க்கும் இடைப்பட்டவற்றில் ஏறத்தாழப் பாதி வெளியேறுகின்றன. கீழ்ப்பகுதிக்கு வந்துவிட்ட கல்லுக்கு வாய்ப்பு இன்னும் நல்லது. நான்கு முதல் ஆறு வாரம் வரை பொறுத்திருக்கலாம். டம்சுலோசின் மாத்திரை சிறுநீர்க்கானைத் தளர்த்தி உதவும் என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை; 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கீழ்ப்பகுதிக் கற்களுக்கு ஓரளவு பயன் தெரிகிறது. வலிக்கு டிக்லோபெனாக் வகை மருந்துகள் நன்றாக வேலை செய்யும், ஆனால் சிறுநீரகப் பலவீனமோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடக்கூடாது. வலியின்போது நிறையத் தண்ணீர் குடித்தால் கல் தள்ளப்படும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நேரத்தில் அது வலியைக் கூட்டுவதோடு சரி. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது ‘இப்போது வலியே இல்லை’ என்ற வரிதான். வலி நின்றதற்குக் கல் விழுந்துவிட்டது மட்டும் காரணம் என்று எண்ண வேண்டாம். கல் அசையாமல் அடைத்துக்கொண்டிருக்கும்போதும் சில நாட்களில் வலி அடங்கிவிடும்; சிறுநீரகம் ஓசையின்றி வீங்கி, மாதக்கணக்கில் பழுதடையும். சிறுநீரை மெல்லிய துணியில் வடித்துப் பாருங்கள். கல் கண்ணில் படவில்லையென்றால் ஆறாம் வாரத்துக்குள் மறுபடியும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். அந்த ஸ்கேனைத் தவிர்த்து மிச்சம்பிடிக்கும் பணம், பிறகு ஒரு சிறுநீரகத்தை இழக்கும் விலையாக ஆகிவிடலாம்.

கல் இறங்காவிட்டால் லேசர் மிக நல்ல சிகிச்சை. கீழ்ப்பகுதிக் கற்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒரே முறையில் நீங்கிவிடும். அரச ஊழியர் என்பதால் உங்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கும். தனியாரில் செய்வதாயின் எந்தப் பற்றுச்சீட்டுகள், எந்தப் படிவம் தேவை என்பதை அனுமதிக்கப்படுவதற்கு முன்பே வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மஸ்கெலியாவிலிருந்து ஓர் இளைஞர்): கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தபோது கல்லுக்குச் சிகிச்சை செய்து, உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு வேலை போய் ஊருக்கு வந்துவிட்டேன். ஐந்து மாதம் ஆகிறது. எந்தத் தொந்தரவும் இல்லை. திரும்பக் கொழும்புக்குப் போகக் கையில் காசில்லை. அப்படியே விட்டால் என்ன?

பதில்: தம்பி, விடவே கூடாது. இந்த வாரமே புறப்படுங்கள். ஸ்டென்ட் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை வைக்கப்படும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், அது தற்காலிகமானது. பொதுவாகச் சில வாரங்களில், நீண்டால் மூன்று மாதங்களுக்குள் அகற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் அதன் மேலேயே கல் படியத் தொடங்குகிறது. நேரத்தோடு வந்தால், மரப்பு மருந்து பூசி, சிறிய கருவியால் சில நிமிடங்களில் இழுத்து எடுத்துவிடலாம். கல் படிந்து இறுகிய ஸ்டென்ட்டை எடுக்க இரண்டு மூன்று சத்திரசிகிச்சைகள் வரை தேவைப்படக்கூடும்; சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்து போயிருக்கிறது. தொந்தரவு இல்லை என்பதை நம்பி இருக்க வேண்டாம்.

கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய், சத்திரசிகிச்சைப் பிரிவில் விடயத்தைச் சொன்னால், தேவையானால் கண்டிக்குக் கடிதம் தருவார்கள். கொழும்பில் தந்த டயக்னோஸிஸ் கார்டைக் கொண்டுபோங்கள். அது தொலைந்திருந்தாலும் அதற்காகத் தயங்காதீர்கள். ஒரு சாதாரண எக்ஸ்ரேயில் ஸ்டென்ட் தெளிவாகத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: யாருக்கு ஸ்டென்ட் வைத்தாலும், அகற்ற வேண்டிய திகதியை வீட்டு நாட்காட்டியில் எழுதித் தொங்கவிடுங்கள்.

கேள்வி (மஹியங்கனையிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் பக்கத்தில் பலருக்கு இருக்கும் சிறுநீரக நோயும் கல்லும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. உலர் வலயத்தில் விவசாயிகளிடையே காணப்படும், காரணம் இன்னமும் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு. அது வலியில்லாமல் இரு சிறுநீரகங்களையும் சிறிது சிறிதாகப் பாதிக்கும். கல்லோ பெரும்பாலும் வலியோடு வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் உங்கள் பகுதியில் கல் உள்ளவர் ஒருவர் கிரியற்றினின் பரிசோதனையையும் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும்; இரண்டும் ஒருவருக்கே இருந்தால் வலி மாத்திரைகளிலும் கை மருந்துகளிலும் மிகுந்த கவனம் வேண்டும்.

கேள்வி (ஹாலி-எலயிலிருந்து ஒரு வாசகி): வாழைத்தண்டுச் சாறு, பொல்பலா, பியர் ஆகியவை கல்லைக் கரைக்கும் என்கிறார்களே? தேத்தண்ணியை நிறுத்தச் சொல்கிறார்களே?

பதில்: மிகுதியாகக் காணப்படும் கல்சியம் ஒக்சலேற்றுக் கல்லைக் கரைக்கும் மருந்து, நாட்டு மருந்திலும் ஆங்கில மருந்திலும் இன்றுவரை இல்லை. யூரிக் அமிலக் கல் மட்டும், பொட்டாசியம் சித்திரேற்று போன்ற மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் கரையும். அது வைத்தியர் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியது. பொல்பலா எனப்படும் சிறுபீளைக் குடிநீரையோ வாழைத்தண்டையோ உணவின் அளவில் எடுத்துக்கொள்வதை நான் தடுக்கமாட்டேன். சிறிய கல் அதோடு விழுந்தால் அது பெரும்பாலும் தானாகவே விழ இருந்த கல்தான். 16 மில்லிமீற்றர் கல்லை வைத்துக்கொண்டு ஆறு மாதம் சாறு குடித்துக் கிளினிக்கைத் தவறவிடுவதைத்தான் தடுப்பேன். பியரை மருந்தாக எண்ண வேண்டாம். அது யூரிக் அமிலத்தைக் கூட்டும்.

பிலிங்காய்ச் சாறும் காமரங்காய்ச் சாறும் குடிக்கவே வேண்டாம். இரண்டிலும் ஒக்சலேற்று மிக அதிகம். கல் கரையும் என்றோ கொழுப்புக் குறையும் என்றோ குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்கள் உண்டு. தேத்தண்ணியை நிறுத்தத் தேவையில்லை. தேயிலையில் ஒக்சலேற்று இருந்தாலும், அளவோடு தேநீர் அருந்துபவர்களுக்குக் கல் கூடுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. பால் சேர்த்தால் அதிலுள்ள கல்சியம் ஒக்சலேற்றைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சாயத்தைக் கடுமையாக்கி, சீனியை அள்ளிப் போட்டு நாள் முழுதும் குடிப்பதைத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி (தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி): நான் கொழுந்து பறிப்பவள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கல், இப்போது மறுபடியும் ஒன்று. தண்ணீர் குடி என்கிறார்கள். மலையில் நிற்கும்போது எங்கே போவது என்றுதான் தண்ணீரே குடிப்பதில்லை. செலவில்லாமல் இது திரும்ப வராமலிருக்க வழி உண்டா?

பதில்: சகோதரி, ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் வருகிறது. ஆகவே சிகிச்சைகளின் செலவை ஒப்பிடும்போது மிக மலிவானது தண்ணீர்தான். இத்தாலியில் முதற்கல் வந்தவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும், மற்றவர்களில் 27 பேருக்கும் கல் திரும்பியது. ஒரு நாளில் இரண்டரை லீற்றர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குக் குடிக்க வேண்டும். நம் ஊர்க் குளிரில் தாகம் எடுக்காது. தாகத்தை நம்பினால் குடிக்கவே மாட்டோம். சிறுநீரின் நிறம் வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பதே எளிய அளவுகோல்.

வேலைக்குப் புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பாக இரண்டு கோப்பை, பகல் சாப்பாட்டுக்கு வீடு வரும்போது இரண்டு, கொழுந்து நிறுத்துப் போட்ட பின் இரண்டு, இரவு படுக்குமுன் ஒன்று என்று கழிவறை அருகில் உள்ள நேரங்களில் கூட்டிக் குடியுங்கள். முடிந்த நாளில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். அதிலுள்ள சித்திரேற்று கல் சேர்வதைத் தடுக்கும். கருவாடு, ஊறுகாய், டின் மீன் ஆகியவற்றால் சேரும் உப்பைக் குறையுங்கள். பாலையும் நெத்தலியையும் நிறுத்த வேண்டாம். கல்சியத்தைக் குறைத்தால் கல் குறையும் என்பது பழைய எண்ணம்; 2002இல் வெளியான ஆய்வில், கல்சியத்தைக் குறைத்தவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு ஐந்து ஆண்டுகளில் கல் திரும்பியது, கல்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 20 பேருக்கே திரும்பியது.

இம்முறை கல் வெளியேறினால் அதை உலர்ந்த சிறு போத்தலில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், என்ன கல் என்று ஆய்வுக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். சிறுநீர் எரிச்சல் உங்களுக்கு அடிக்கடி வருவதுண்டா என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். சிறுநீரை அடக்கி வைத்து, கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்கு அந்தக் கிருமியாலேயே உருவாகும் கற்கள் உண்டு, அவை வேகமாக வளர்பவை, அவற்றுக்குத் தண்ணீர் மட்டும் போதாது.

மலையில் கழிவறை இல்லாததை உங்கள் ஒருவரின் சங்கடமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் எட்டு மணித்தியாலம் சிறுநீரை அடக்கிக்கொண்டு வேலை செய்வது அவள் உடம்புக்குச் செய்யப்படும் கொடுமை. வேலைத்தளத்தில் கழிவறையும் குடிநீரும் வேண்டும் என்று உங்கள் கொழுந்துக் குழுவிலுள்ள பெண்கள் எல்லோரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியைத் தோட்டத் துரைக்கும், ஒன்றைத் தொழிற்சங்கத்துக்கும், ஒன்றைப் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுங்கள். கடிதத்தோடு இணைக்க வைத்தியரின் குறிப்பு தேவை என்றால், அடுத்த கிளினிக் நாளில் உங்களைப் பார்க்கும் வைத்தியரிடம், ‘வேலை நேரத்தில் அடிக்கடி தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதும் இவருக்கு மருத்துவத் தேவை’ என்று எழுதித் தரும்படி கேளுங்கள்.